எல்லாருக்கும் இடம் இருக்கும் பஸ்

"டிஸ்க் சும்மா கிடக்கு. மெமரி பாதி காலி. ப்ராசஸர் ஈ ஓட்டிட்டு உக்காந்திருக்கு. அப்ப நேரம் எங்கதான் சார் போகுது? உங்க பெட்டில எங்கயாவது ஓட்டையா?"

"என் பெட்டியைப் பத்திப் பேசாதீங்க மேடம்! இந்தக் கட்டடத்துலயே பெரிய மெஷின் உங்களுக்குத்தான் குடுத்திருக்கு. லாரியே குடுத்தும் மேடு ஏறலைன்னா டிரைவரைத்தான் கேக்கணும்."

"டிரைவரா? டேட்டாபேஸைக் கேக்கறதுக்கு நான் எழுதின ஒவ்வொரு க்வெரியையும் பிரிச்சுப் போட்டுப் பாத்தாச்சு சார்!"

"இன்னொரு தடவை பிரிச்சுப் போடுங்க!"

கீழே கூடத்தில், ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் மாடியை அண்ணாந்து பார்த்தார்கள். அது ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுக்கும் ஒரு கூடம். ஊருக்குள் அதற்குப் பல கிளைகள். எல்லாக் கிளைகளின் முடிவுகளும் மாடியில் இருக்கும் டேட்டாபேஸில் போய்ச் சேரும். அங்கிருந்துதான் கவுண்டருக்கு ரிப்போர்ட் வரவேண்டும். கொஞ்ச காலமாக வரவில்லை. வந்தாலும், மாமியார் வீட்டிலிருந்து கிளம்பும் மாப்பிள்ளை மாதிரி மெதுவாக வந்தது. கவுண்டர் பெண் பிரிண்டரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், பாவம், அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

புதிதாக வந்தவர்கள்தான் இந்தச் சண்டையைக் கண்டு பயந்தார்கள். பழகியவர்கள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்கள். காரணம், இவ்வளவு கத்திய இரண்டு பேரும் சாயங்காலம் ஒரே ஸ்கூட்டரில் ஒரே வீட்டுக்குப் போவார்கள். "சார்" என்று பல்லைக் கடித்தவள் மருமகள். "மேடம்" என்று எகிறியவர் மாமனார்.

அலுவலகத்தில் உறவு கிடையாது என்பது அவர் போட்ட சட்டம். சர்வர் அறையின் குளிருக்கு வருஷம் பூராவும் ஒரே பழுப்பு ஸ்வெட்டர் போட்டிருப்பதால் எல்லோருக்கும் அவர் ஸ்வெட்டர் சார். அந்த அறையில் இருந்தது ஒரே ஒரு பெரிய இரும்புப் பெட்டி. அதற்குள் மென்பொருளால் சுவர் எழுப்பி, பல கம்ப்யூட்டர்கள் தனித்தனியே இருப்பது போலக் குடி வைத்திருந்தார். ஒரு குடித்தனம் டேட்டாபேஸ், ஒன்று எக்ஸ்ரே படங்கள், ஒன்று வருகைப் பதிவு, ஒன்று தொலைபேசி இணைப்பு. கதவு நான்கு, ஆனால் அடுப்பு ஒன்றுதான்: எல்லாக் குடித்தனமும் அதே பெட்டியின் ப்ராசஸர்களைத்தான் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியாக வேண்டும். அவர் அந்தக் கட்டடத்தின் சொந்தக்காரர் மாதிரி. டேட்டாபேஸ் குடித்தனத்துக்கு உள்ளே நடப்பதெல்லாம் மருமகள் பொறுப்பு. அவர் உள்ளே எட்டிப் பார்க்க மாட்டார். இவள் வெளியே வந்து அவர் திரையைப் பார்க்க மாட்டாள். அதுவும் சட்டம்தான்.

அவள் வேலை செய்யும் நேர்த்தியைப் பார்த்துப் பிடித்துப்போய்த்தான் மகனுக்குப் பெண் கேட்டார். பையனுக்குப் பெண் பார்த்தாரா, சர்வருக்குப் பெண் பார்த்தாரா என்று தெருவில் அப்போதே ஒரு பேச்சு இருந்தது. மகனோ தூரத்து ஊரின் துறைமுகத்தில் கிரேன் பராமரிப்பவன். கல்யாணம் முடிந்து விடுமுறை தீர்ந்ததும் அவன் அங்கே, இவள் இங்கே. இப்போதுதான் அந்த ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் அவளுக்கு வேலை தயாராக இருந்தது. மாசக் கடைசிக்குள் வந்து சேர வேண்டும்; பழைய இடத்திலிருந்து நல்ல வார்த்தையோடு விடுவித்து அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

அந்தப் பாக்கி, நிர்வாகியின் மேசையில் உட்கார்ந்திருந்தது. எதைக் கேட்டாலும் "அப்புறம் பாக்கலாம்" என்பதால் அவருக்குப் பெயரே அப்புறம் சார்.

"ரிப்போர்ட் லேட்டுன்னு கீழ ஜனங்க என் சட்டையைப் பிடிக்கறாங்க," என்றார் அவர், இல்லாத தூசியை மேசையிலிருந்து ஊதியபடி. "மெஷினைக் கேட்டா பெரிய மெஷின்ங்கறாங்க. அப்ப உங்க வேலைலதானம்மா கோளாறு? சரி பண்ணிக் குடுங்க, அப்புறம் போங்க. இப்பவே அந்த ஆஸ்பத்திரிக்காரங்க என்னைக் கேட்டா நான் உள்ளதைத்தான் சொல்லுவேன்."

அவளுக்கும் அதே சந்தேகம் உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. மெஷின் பெரியது என்பது அவளுக்கே தெரியும். ஆரம்பத்தில் இரண்டு ப்ராசஸர் இருந்த இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே வந்து, இப்போது பெட்டியில் இருப்பது முழுவதும் தனக்குத்தானோ என்று நினைக்கும் அளவுக்கு ஆகியிருந்தது. நிர்வாகம் புதிதாக வாங்கிப் போடுகிறது போல என்று சந்தோஷப்பட்டாள். இவ்வளவு இருந்தும் ஓடவில்லை என்றால் தன் கைதான் சரியில்லை. எத்தனை தடவை பிரித்துப் பார்த்தாலும் விடை ஒன்றுதான்: ஒரு ரிப்போர்ட்டை எடுக்கத் தேவைப்பட்ட உழைப்பு ஒரு சிட்டிகை. டிஸ்க்குக்காகக் காத்திருக்கவில்லை. வேறு வேலை எதுவும் பூட்டி வைத்த தகவலுக்காகவும் காத்திருக்கவில்லை. உழைக்கவும் இல்லை, காத்திருக்கவும் இல்லை, நேரம் மட்டும் எங்கேயோ கரைந்துகொண்டிருந்தது.

வீட்டில் இதைப் பற்றி வாய் திறக்க மாட்டாள். சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்துபோவாள். மாமனார் நிமிர்ந்து பார்ப்பார், ஒன்றும் கேட்க மாட்டார். மறுநாள் பொழுது புலருமுன் அவர் நடைப்பயிற்சிக்குக் கிளம்புவார்.

இந்த நடைப்பயிற்சி தெருவுக்குப் பெரிய தீனியாக இருந்தது. பக்கத்து வீட்டுக்குப் போவதற்கே ஸ்கூட்டரை உதைக்கிற மனுஷன், சர்க்கரை நோய்க்காரர், திடீரென்று நடக்கிறார். அதுவும் தினமும் இல்லை, சில நாட்களில் மட்டும். அதுவும் ஸ்வெட்டரோடு! மிட்டாய்க் கடையின் பின்கதவு வழியாக நுழைகிறார் என்று எதிர்வீட்டுக்காரி சத்தியம் செய்தாள். கடைசி வீட்டுக்காரர் அதைவிட மோசமாக ஒன்று சொன்னார். அதை நம்ப மாமனாரின் வயதும் தொப்பையும் இடம் கொடுக்கவில்லை.

"ஏங்க, நடந்துட்டு வர்றவருக்குக் கொஞ்சமாவது வேர்க்காதா?" என்று மாமியார் ஒரு நாள் கேட்டேவிட்டாள்.

"காத்து நல்லா அடிச்சுது," என்றார் அவர்.

சில நாள் விடுமுறையில் வந்திருந்த மகன் அந்த ஞாயிற்றுக்கிழமை துறைமுக ஊருக்குத் திரும்ப வேண்டியிருந்தது. ரயில் நிலையம் ஊருக்கு வெளியே. பஸ்ஸில் போக வேண்டும். தனியே போய்க்கொள்கிறேன் என்றான். மாமனாரிடமா அது நடக்கும்? குடும்பமே வழியனுப்ப வரவேண்டும் என்று முடிவாயிற்று. மாமனார், மாமியார், மகன், மருமகள், கல்யாணமாகாத நாத்தனார். நாத்தனார் கண்ணாடி முன்னால் நின்றாள் என்றால் கண்ணாடிக்கே கால் வலிக்கும். அவள் புறப்படும்வரை மற்றவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்கள். மாமியார் பூட்டை இழுத்துப் பார்த்தாள். தெருமுனைவரை போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

நிறுத்தத்துக்கு வந்ததும்தான் உண்மையான கூத்து. முதல் பஸ் வந்தது. ஓர் இடம் காலி.

"போகட்டும்," என்று கையை வீசினார் மாமனார். "எல்லாருக்கும் இடம் இருக்கற பஸ்ஸா வரும்."

அடுத்ததில் இரண்டு இடம், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. "போகட்டும்." அதற்கடுத்ததில் மூன்று இருந்தது.

"அப்பா, நானும் அவளும் இதுல ஏறிக்கறோம், நீங்க பின்னால வாங்க."

"ஒண்ணா வந்துட்டு அது என்னடா தனித்தனியா போறது? பொறு."

பஸ்கள் வந்தன, போயின. ஒன்றிரண்டு பேராக வந்தவர்கள் ஏறிப் போய்க்கொண்டே இருந்தார்கள். ஐந்து பேர் கொண்ட இந்தக் குடும்பம் மட்டும் நட்டு வைத்த கம்பம் மாதிரி நின்றது. மாமனாருக்கு அது உறைத்ததாகத் தெரியவில்லை. நிழற்குடை பெஞ்சில் உட்கார்ந்து, சின்ன வயதில் மகன் இதே நிறுத்தத்தில் செருப்பைத் தொலைத்த கதையைச் சொல்லித் தானே சிரித்துக்கொண்டிருந்தார்.

"பேசிட்டே இருந்ததுல நேரம் போனதே தெரியலை," என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு பாக்கறானே டீக்கடைக்காரன், அவனைக் கேளுங்க, நாம எவ்வளவு நேரமா நிக்கறோம்னு!"

டீக்கடைக்காரன் உண்மையாகவே இவர்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டிருந்தான்.

அடுத்த பஸ் நின்றது. ஓர் இடம். மகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாவி ஏறினான். "ஒருத்தன்னா கிடைச்ச இடத்துல உக்காந்து போயிடலாம்ப்பா!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினான். மனைவியிடம் சொல்ல வைத்திருந்ததைச் சொல்ல முடியாமல் கையை மட்டும் ஆட்டினான். பஸ் போய்விட்டது. மாமனார் தூக்கிய கையோடு நின்றார்.

அழுதுவிடுவாளோ என்று நாத்தனார் அவள் முகத்தைப் பார்த்தாள். அவள் அழவில்லை. பஸ் போன திக்கையும் டீக்கடையையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி நின்றிருந்தாள்.

திங்கட்கிழமை காலையில் அவள் நேராகச் சர்வர் அறைக்குள் நுழைந்தாள். மாமனார் டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"மாமா, உங்க ஸ்கிரீன்ல என் மெஷினைக் கொஞ்சம் பாக்கலாமா?"

டீ ஸ்வெட்டரில் சிந்தியது. ஆபீசில் முதல் தடவையாக "மாமா". சட்டம் பேச வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை நகர்த்திக்கொடுத்தார்.

"என்ன பாக்கணும்?"

"என் மெஷின் ப்ராசஸர் கிடைக்கறதுக்காக எவ்வளவு நேரம் வரிசைல நிக்குதுன்னு. உள்ள இருந்து பாத்தா அது தெரியாது மாமா. நிறுத்தி வச்சிருக்கற நேரத்துல அதுக்குத் தூங்கற மாதிரிதான். வெளியில இருந்து பாக்கறவங்களுக்குத்தான் தெரியும். டீக்கடைக்காரன் மாதிரி."

அவர் அந்த வரைபடத்தைத் திறந்தார். மற்றக் குடித்தனங்களின் கோடுகள் தரையோடு ஊர்ந்தன. டேட்டாபேஸின் கோடு, பாதையே இல்லாத மலை மாதிரி நிமிர்ந்து நின்றது.

"நிக்கற நேரம்தான் இதுல பாதி," என்றாள் அவள். குரல் தாழ்ந்துவிட்டது. "இதுக்கு நிறைய ப்ராசஸர் குடுத்திருக்கு. இருக்கறது ஒரே பெட்டி. நேத்து நாம நின்ன மாதிரியே என் மெஷினும் நிக்குது. எக்ஸ்ரேக்காரன் ரெண்டே ப்ராசஸரோட ரெண்டு பேரா வர்றான், ஏறிப் போயிடறான். நான் பட்டாளத்தோட நிக்கறேன். எல்லாருக்கும் சேந்தாப்பல இடம் காலியாகற வரைக்கும் அங்கயே. என் ஆளுங்கள்ல முன்னால ஏறினவனையும் பின்னால வர்றவனுக்காக இறக்கி நிறுத்திடறாங்க. உள்ள செய்யற வேலையோ, ரெண்டு பேருக்குக்கூட பத்தாது." திரையை விட்டு அவர் பக்கம் திரும்பினாள். "யாரு மாமா இதைக் கூட்டிட்டே போனது? நான் கேக்கவே இல்லையே?"

அவர் ஸ்வெட்டரில் சிந்திய டீயைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நீ கேக்கலைம்மா. நீதான் எதையும் கேக்க மாட்டியே. சாப்பிடாம எழுந்து போவே. வீட்டுல உன்கிட்ட வந்து 'என்னம்மா கஷ்டம்'னு கேக்க எனக்குத் தெரியலை. மாமனார் கேட்டா நல்லாவும் இருக்காது. சரி, என் கைல இருக்கறது இதுதானேன்னு..."

"அப்ப அந்த நடைப்பயிற்சி?"

"மெஷினை நிறுத்திட்டுத்தான் ப்ராசஸரைச் சேக்க முடியும். ஆளுங்க வர்றதுக்கு முன்னால முடிச்சிடணும்ல?"

மிட்டாய்க் கடையின் பின்கதவு அன்றோடு நிரபராதியாயிற்று. அவளுக்குச் சிரிப்பு வந்தது. தான் சாப்பிடாமல் எழுந்த ஒவ்வொரு ராத்திரிக்கும் மறுநாள் இந்த மனுஷன் இருட்டில் வந்து ஒரு ப்ராசஸரைச் சேர்த்திருக்கிறார். சேர்க்கச் சேர்க்க மெஷின் இன்னும் அதிகமாகக் காத்திருந்திருக்கிறது. அதைப் பார்த்து இவள் சாப்பாட்டை இன்னும் குறைத்திருக்கிறாள். அவர் இன்னும் கூட்டியிருக்கிறார். கூடக் கொடுத்தால் வேகம் குறையும் என்று அவருக்கும் தோன்றவில்லை. நிறையக் கிடைத்தால் நல்லதுதானே என்று இருந்தவள்தானே இவளும்!

"குறைச்சிடலாம் மாமா."

"குறைக்கறதா?" அவர் முகம் வாடிவிட்டது. "பாதியாவது இருக்கட்டுமே. பாவம்மா உன் மெஷின்."

"முதல்ல பாதி. அப்புறம் அதுலயும் பாதி. கோடு இறங்குதான்னு பாத்துட்டே போவோம்."

மறுநாள் விடியலில் மாமனாரும் மருமகளும் சேர்ந்து நடைப்பயிற்சிக்குப் போனதைப் பார்த்துத் தெருவே ஜன்னலுக்கு வந்தது. குறைத்ததில் கோடு இறங்கியது. மறுபடி குறைத்தார்கள், மறுபடி இறங்கியது. கடைசியில், ஆரம்பத்தில் இருந்ததைவிடக் கொஞ்சம் மட்டும் கூடுதலாக விட்டுவைத்து நிறுத்தினார்கள். அந்தக் கொஞ்சத்தை விட மனசில்லாமல் அவர்தான் கெஞ்சி வாங்கிக்கொண்டார். கதவு திறந்ததும் கவுண்டர் பெண் முதல் பெயரைத் தட்டினாள். கை எடுப்பதற்குள் பிரிண்டர் காகிதத்தைத் துப்பியது. "ஐயோ!" என்று அவள் போட்ட கூச்சலில், பஞ்சைப் பிடித்திருந்த ஒருவர் அதை நழுவவிட்டு மறுபடி கட்டுப் போட வேண்டி வந்தது.

நல்ல சமாச்சாரம் மாடியிலிருந்து கீழே இறங்குவதற்குள் அதற்கு ஒரு வால் முளைத்துவிட்டது. ஸ்வெட்டர் சார்தான் மெஷினைக் கெடுத்து வைத்திருந்தாராம். மருமகள் ஊரை விட்டுப் போகக்கூடாது என்று வேண்டுமென்றே செய்தாராம். அப்புறம் சார் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே அதை நாலு பேரிடம் சொன்னார். அவர் அப்புறம் என்று தள்ளிப்போடாத ஒரே வேலை அதுதான். சாயங்காலத்துக்குள் வால் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது.

"ஏங்க, அப்ப பொண்ணைப் போகவிடாம பிடிச்சு வச்சது நீங்கதானா?" என்றாள் மாமியார், கரண்டியும் கையுமாக.

தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார். அந்த வீட்டில் சாப்பிடாமல் எழுந்துபோகும் முறை அன்றைக்கு அவருடையதாயிற்று.

மறுநாள் வழக்கம்போல இரண்டு பேரும் ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். சிக்னலில் நின்றபோது, முன்னால் பார்த்தபடியே கேட்டார்:

"ஒருவேளை அவங்க சொல்றது நிஜமோ? நீ போகக்கூடாதுன்னு மனசுல எங்கயோ இருந்ததும்மா. இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். அந்த ஆஸ்பத்திரிக்காரங்க கூப்பிட்டதைச் சொன்னியே, அன்னைக்கு எனக்குத் தூக்கமே வரலை. என் கை தெரிஞ்சேதான் செஞ்சிருக்குமோ?"

அவள் பின்னாலிருந்து அந்தப் பழுப்பு ஸ்வெட்டரின் முதுகைப் பார்த்தாள். முழங்கையில் நூல் பிரிந்திருந்தது.

"மாமா, உங்களுக்கு என்னை நிறுத்தணும்னா ஒரு வயரைப் பிடுங்கினா போதும். யாருக்கும் தெரியாது. அதுக்கு எதுக்கு விடியக்காலைல எழுந்து, பொய் சொல்லி, தெருவெல்லாம் பேச்சு வாங்கணும்? கெடுக்கறவங்க இவ்வளவு பாடுபட மாட்டாங்க."

அவர் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாரா என்று எட்டிப் பார்ப்பதற்குள் பச்சை விழுந்துவிட்டது. பின்னாலிருந்த லாரிக்காரன் ஹார்ன் அடித்துத் திட்டினான். இரண்டு பேருக்கும் அது காதில் ஏறவில்லை.

அன்றைக்கு அவர் நேரே அப்புறம் சாரின் அறைக்குப் போனார். கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் பேசினார், கீழே கூடம்வரை கேட்கட்டும் என்று.

"கோளாறு என் பெட்டில. செஞ்சது நான். கண்டுபிடிச்சது எங்க மருமக. இப்ப கையெழுத்தைப் போடுங்க. அப்புறம்ங்கற வார்த்தை இந்த ரூம்ல இன்னைக்குக் கேக்கக்கூடாது."

எங்க மருமக! அலுவலகத்தில் உறவு கிடையாது என்ற சட்டம் அந்த இடத்திலேயே உயிரை விட்டது. அப்புறம் சாருக்குப் பேனா உடனே கிடைத்தது.

புறப்படும் நாளில் குடும்பம் முழுவதும் நிறுத்தத்துக்கு வந்தது. அதை மட்டும் யாராலும் தடுக்க முடியாது. நாத்தனார் பாதி தலை வாரிய கோலத்தில் ஓடி வந்தாள். முதல் பஸ் வந்து நின்றது. ஓர் இடம். எல்லோரும் மாமனாரைப் பார்த்தார்கள். டீக்கடைக்காரன்கூட வடிகட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தான்.

"ஏறும்மா," என்றார் அவர். "ஒரு இடம் போதும் உனக்கு."

பெட்டியை அவரே தூக்கி உள்ளே வைத்தார். பஸ் நகர்ந்தபோது ஜன்னலோடு நாலு எட்டு நடந்து வந்து, "சாப்பிடாம படுக்காதே," என்றார். வீட்டிலேயே சொல்லியிருக்க வேண்டியது. ஒரு வழியாக இங்கே வெளியே வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஊருக்குத் தெரிந்ததுதான். அவள் அந்தத் துறைமுக ஊரிலேயே நிலைத்துவிட்டாள். ஒரு பெண் குழந்தை. அங்கே மெஷின் மந்தமானால் முதலில் எத்தனை ப்ராசஸர் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்க்கிறாளாம். கவுண்டர் பெண், பஞ்சை நழுவவிட்டாரே, அவரையே கல்யாணம் செய்துகொண்டு இன்னொரு கிளைக்கு மாறிப் போனாள். அப்புறம் சாரை வேறு கிளைக்கு மாற்றினார்கள்; அவர் இன்னும் கிளம்பியபாடில்லை. நாத்தனாருக்குக் கல்யாணமாகி எதிர்வீட்டுக்கே வாழ்க்கைப்பட்டாள், அங்கே போய்ச் சேருவதற்கே ஒரு முழுக் காலை எடுத்துக்கொண்டாள். மாமனார் இப்போது நிஜமாகவே நடக்கிறார், மாமியாரும் கூடவே. வேர்க்கிறதா என்று அவள் தன் கண்ணாலேயே பார்த்துக்கொள்கிறாள்.